பெரியம்மாவின் பெயரைத் தேடாதீர்கள்

கேள்வி: என் பெரியம்மா 1951 முதல் 1963 வரை ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் படம் வரைபவராக வேலை பார்த்தார். செடி, இலை, பூ, விதை என்று நூற்றுக்கணக்கில் வரைந்திருக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுத ஆசை. அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாகில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால், "எங்கள் ஆவணக் காப்பகத்தின் ஃபைண்டிங் எய்டுகளைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. திறந்து பார்த்தால் பெட்டி, கோப்பு என்று எண்களாக இருக்கிறது, தலைகால் புரியவில்லை. நான் ஆராய்ச்சி மாணவி இல்லை, பள்ளி ஆசிரியை. என்னை உள்ளே விடுவார்களா? கிடைப்பதைப் படம் எடுக்கலாமா, புத்தகத்தில் போடலாமா? வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. பழைய கடிதங்களும் ஸ்கெட்ச் நோட்டுகளும் உள்ளே கிடக்கின்றன. அதை என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உள்ளே விடுவார்கள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களில் பெரும்பாலானவை வெளியாட்களுக்கும் திறந்தவைதான். அடையாள அட்டை, ஒரு பதிவுப் படிவம், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வது, இவ்வளவுதான் பொதுவாகக் கேட்பார்கள். சில இடங்களில் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பார்கள். உங்கள் தலைமை ஆசிரியர் கொடுக்கும் கடிதம் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். "நான் ஆராய்ச்சி மாணவி இல்லை" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் மட்டும் எழுத வேண்டாம். ஆவணக் காப்பாளர் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களைத் தேடி வருகிறவர்கள் ஒரு பெட்டியைப் பார்க்கிற பொறுமை பல பேராசிரியர்களிடம் நான் பார்க்காதது.

இனி தேடல். கேட்டலாகில் பெயரைப் போட்டீர்கள், வரவில்லை. வந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். நூலகக் கேட்டலாக் புத்தகத்துக்காகப் பிறந்தது. ஒரு புத்தகம், ஓர் ஆசிரியர், ஒரு தலைப்பு, அலமாரியில் ஓர் இடம். ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேருவது வேறு மாதிரி. ஒரு பேராசிரியர் ஓய்வுபெறும்போது அறையைக் காலி செய்து கொடுத்த நாற்பது பெட்டி, பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்த முப்பது வருடக் கோப்புகள், மூடப்பட்ட ஒரு துறையின் கணக்குப் பேரேடுகள். அந்த நாற்பது பெட்டிக்கும் சேர்த்துக் கேட்டலாகில் ஒரே ஒரு பதிவு இருக்கும், அதுவும் பேராசிரியரின் பெயரில். உள்ளே இருநூறு தாள்களில் உங்கள் பெரியம்மா இருந்தாலும் கேட்டலாகுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் விஷயவாரியாகப் பிரித்து வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்துப் பார்த்து நொந்தவர்கள் உண்டு. எந்த அலுவலகத்தில் பிறந்த காகிதம், எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்பதெல்லாம் பிரிக்கிற வேகத்தில் அழிந்துபோகும். மிஞ்சுவது அநாதைத் தாள்கள். 1841இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: ஓர் அலுவலகமோ குடும்பமோ தனி ஆளோ விட்டுச்சென்ற காகிதங்களை ஒன்றாகவே வை, இன்னொருவருடையதோடு கலக்காதே. 1898இல் முல்லர், ஃபைத், ஃப்ரூயின் என்ற மூன்று டச்சுக்காரர்கள் எழுதிய கையேடு, அந்தக் காகிதங்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதையும் மதிக்கச் சொன்னது. இன்றைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகக் காப்பகங்களில் இந்த இரண்டு விதிகளின்படிதான் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும்.

ஆகவே பெரியம்மாவின் பெயரைத் தேடாதீர்கள். அவர் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது யார் யார் மேசைக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

ஒரு பேராசிரியர் புதிதாக ஒரு செடியை விவரித்துக் கட்டுரை எழுதுகிறார். "பூவின் நெடுக்குவெட்டு, நான்கு மடங்கு பெரிதாக" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெரியம்மாவிடம் தருகிறார். அவர் வரைகிறார். பேராசிரியர் மகரந்தத்தாளின் எண்ணிக்கை தப்பு என்று திருப்பி அனுப்புகிறார். மறுபடி வரைந்தது ஆய்விதழின் ஆசிரியருக்குப் போகிறது. அவர் அச்சகத்துக்கு அனுப்புகிறார். படத்தைச் சிறிதாக்கினால் கோடு மங்கும் என்று பிளாக் செய்பவர் புகார் எழுதுகிறார். இதற்கிடையில் மையும் பிரஷ்ஷும் வாங்கிய பில் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. துறைத் தலைவர் ஆண்டறிக்கையில் "இவ்வாண்டு 64 படங்கள் தயாராயின" என்று ஒரு வரி எழுதுகிறார். அடுத்த வருடம் ஓவியர் பணியிடத்தை நீட்டிக்கச் சொல்லிப் பதிவாளருக்கு ஒரு கடிதம் போகிறது. இந்த ஒவ்வொரு மேசையும் இன்றைக்குத் தனித்தனித் தொகுப்பாக எங்காவது இருக்கலாம்: பேராசிரியரின் சொந்தக் காகிதங்கள், ஆய்விதழ் அலுவலகக் கோப்புகள், துறையின் பதிவேடுகள், பதிவாளர் அலுவலக ஆவணங்கள். எதற்கும் தலைப்பு பெரியம்மாவின் பெயராக இருக்காது.

கடிதங்களில் இன்னொரு விஷயம், புதிதாக வருகிற எல்லாரும் இடறி விழுகிற இடம். ஒருவருடைய காகிதத் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை பெற்றவர்களிடம் போய்விட்டன. கவிஞர் டி. எஸ். எலியட் தன் தோழி எமிலி ஹேலுக்கு எழுதிய 1,131 கடிதங்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதற்குக் காரணம், ஹேல் அவற்றை 1956இல் அங்கே கொடுத்ததுதான். ஹேல் எழுதியவை எலியட்டிடம் இருந்தன. அவர் அவற்றை எரிக்கச் செய்துவிட்டார். உங்கள் டிரங்குப் பெட்டிக்கும் இது பொருந்தும். அதில் இருப்பவை பெரியம்மாவுக்கு வந்த கடிதங்களாகத்தான் இருக்கும். யார் யார் எழுதினார்கள், எங்கிருந்து எழுதினார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். பெரியம்மா அவர்களுக்குப் போட்ட பதில்களை எங்கே போய்த் தேடுவது என்பதற்கு அதுதான் வரைபடம்.

இப்போது அந்த ஃபைண்டிங் எய்ட். தொகுப்பு விவரப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நேராகப் பெட்டி எண்களுக்குப் போயிருக்கிறீர்கள், அதனால்தான் தலைகால் புரியவில்லை. முன்பகுதியிலிருந்து படியுங்கள். காகிதங்களை உண்டாக்கியவர் யார், எந்தெந்த ஆண்டு எங்கே வேலை பார்த்தார், தொகுப்பு எப்படி வந்தது, என்னென்ன பிரிவுகள், எதற்குத் தடை என்றெல்லாம் அங்கே இரண்டு மூன்று பக்கத்துக்குள் சொல்லியிருப்பார்கள். "அளவு: 5 நீள்மீட்டர்" என்று பார்த்தால் மிரள வேண்டாம்; பெட்டிகளை அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் பிடிக்கிற நீளம் அது. வழக்கமான ஆவணப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 12, 13 சென்டிமீட்டர் அகலம். ஒரு மீட்டருக்கு எட்டுப் பெட்டி என்று கணக்குப் போட்டால் 5 மீட்டருக்கு நாற்பது. நிதானமாகப் பார்த்தால் ஒரு நாளில் மூன்று நான்கு பெட்டி முடியும். எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு கடிதத்தையும் ஏன் எழுதி வைக்கவில்லை என்று பலர் எங்கள்மேல் கோபப்படுவார்கள். ஆள் போதாது என்பதுதான் நேர்மையான பதில். 2005இல் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள் ஒரு வாதம் வைத்தார்கள்: ஒரு தொகுப்பைக் கிளிப் கிளிப்பாகக் கழற்றி அழகுபடுத்திக்கொண்டே இருந்தால் மற்ற நூறு தொகுப்புகள் யாருக்கும் தெரியாமல் குடோனில் கிடக்கும், மேலோட்டமாக விவரித்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் திறந்துவிடு. பல காப்பகங்கள் அதன்படி மாறின. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் பாரம் உங்கள் தலையில் விழுகிறது: கோப்பின் தலைப்பு வரை நாங்கள் சொல்வோம், உள்ளே இருப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கோப்பின் தலைப்பும் பெரும்பாலும் அந்தக் காலத்துக் குமாஸ்தா வைத்ததுதான். ஆகவே அவருடைய சொற்களில் தேடுங்கள். "ஓவியர்" என்று தேடி வராதது "பிளேட்டுகள்" (படப் பக்கங்கள்), "படவேலை", "அச்சகக் கடிதப் போக்குவரத்து", "துறை உதவியாளர்கள்", "தற்காலிகப் பணியாளர்" என்பதில் வரலாம். பெண்களைத் தேடும்போது இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர், சில கோப்புகளில் "திருமதி" போட்டுக் கணவர் பெயர் மட்டும், அச்சான படத்தின் மூலையில் வெறும் இரண்டெழுத்து. எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். எல்லா வடிவங்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் "பலவகை" என்று தலைப்பிட்ட கோப்பு. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் தாத்தாவைத் தேடி எங்கள் படிக்கும் அறைக்கு வந்தார். தாத்தா ஒரு வேதியியல் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் ஊதிச் செய்து கொடுத்தவர். மூன்று நாள் பார்த்தார், பணியாளர் பட்டியலில் ஒரு வரியைத் தவிர ஒன்றுமில்லை. நான்காம் நாள் மத்தியானம் துறையின் கொள்முதல் கோப்புகளில் "பலவகை, 1938–41" என்பதைத் திறந்தார். துருப்பிடித்த கிளிப்பில் ஒரு கத்தைப் பில்கள். எல்லாரும் முன்பக்கம் மட்டும் பார்த்துப் புரட்டுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். ஒரு பில்லின் பின்பக்கம் பென்சிலில் ஒரு குழாயின் படம், அளவுகளோடு. கீழே, "இந்த வளைவு நிற்காது, இரண்டு அங்குலம் கூட விடுங்கள்". கையெழுத்துப் போடவில்லை. அவர் ஃபோனை எடுத்து, தாத்தா பாட்டிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டார். அந்த எழுத்தின் சுழி இரண்டிலும் ஒன்றேதான். நீங்களும் பெரியம்மாவின் கையெழுத்து உள்ள நான்கைந்து தாள்களைப் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொண்டு போங்கள். துறை ஓவியர்கள் கையெழுத்துப் போடாமல் விட்ட வேலை அதிகம். ஓரத்தில் எழுதிய அளவுக் குறிப்புதான் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் விஷயத்தில் நூலகத்தோடு நின்றுவிடவும் கூடாது. தாவரவியல் துறைகளுக்குப் பெரும்பாலும் சொந்தமாக உலர்தாவரக் காப்பகம் ஒன்று இருக்கும், ஹெர்பேரியம் என்பார்கள். அது பெரும்பாலும் நூலகத்தின்கீழ் வராது, அதன் காகிதங்கள் நூலகக் கேட்டலாகிலும் வராது. உலர்ந்த செடி ஒட்டிய அட்டையிலேயே படத்தையும் ஒட்டி வைக்கும் வழக்கம் உண்டு. உலகம் முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களின் விவரம் "இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம்" என்ற பதிவில் இணையத்தில் இருக்கிறது. நியூயார்க் தாவரவியல் பூங்கா அதைப் பராமரிக்கிறது. யாருக்கு எழுத வேண்டும் என்பது அதில் கிடைக்கும். பெரியம்மா செடி சேகரிக்கவும் கூடப் போயிருந்தால், உலகெங்கும் சேகரித்த உயிரினங்களின் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஐஎஃப் (GBIF) தளத்தில் சேகரித்தவர் பெயரை வைத்துத் தேடலாம்.

பேராசிரியர் பிற்காலத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் அவர் காகிதங்களும் அங்கேயே தங்கியிருக்கலாம். யாருடைய காகிதம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் கூட்டுப் பட்டியல்கள் உண்டு: பிரிட்டனுக்கு ஆர்க்கைவ்ஸ் ஹப், ஜெர்மனிக்குக் கல்லியோப்பே, பிரெஞ்சுப் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கலாம் (Calames). ஆளின் பெயரை வைத்துப் பல நாட்டுத் தொகுப்புகளைத் தொடர்புபடுத்தும் ஸ்நாக் (SNAC) என்ற தளமும் இருக்கிறது. இவற்றில் பேராசிரியர் பெயரைப் போடுங்கள், ஆய்விதழ் ஆசிரியர் பெயரைப் போடுங்கள். பெரியம்மா பெயரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், நஷ்டமில்லை.

நூலகத்திலிருந்து ஒரு வரி பதில் வந்ததற்கு வருத்தப்படாதீர்கள். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிதான் எழுத முடியும். "என் பெரியம்மாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று வந்தால் நானும் அதைத்தான் அனுப்புவேன். இப்படி எழுதிப் பாருங்கள்: "1951–63இல் உங்கள் தாவரவியல் துறையில் படம் வரைபவராக இருந்த இன்னாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் இந்த மூன்று வடிவங்களில் வரலாம். அவர் இன்ன பேராசிரியரின் கட்டுரைகளுக்கு வரைந்ததாக அச்சான படங்களிலிருந்து தெரிகிறது. அந்தப் பேராசிரியரின் தொகுப்பில் பெட்டி 14, கோப்பு 3, 'பிளேட்டுகள்' என்பதைப் பார்க்க விரும்புகிறேன். துறையின் பணியாளர் பதிவுகளோ ஆண்டறிக்கைகளோ பட்டியலிடாமல் உங்களிடம் இருக்கின்றனவா? அடுத்த மாதம் இரண்டாம் வாரம் நேரில் வர முடியும்." இதைப் படிக்கிற காப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்து குடோனுக்கு நடப்பார், நம்புங்கள். "பட்டியலிடாமல்" என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள். எந்தக் காப்பகத்திலும் இணையத்துக்கு வராத பெட்டிகள் உண்டு. அவை பணியாளர்களின் ஞாபகத்திலும் ஒரு பழைய எக்செல் கோப்பிலும்தான் இருக்கும்.

பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இடம் போதாமல் ஊருக்கு வெளியே குடோனில் வைத்திருக்கின்றன. கேட்ட அன்றைக்கே வராது. ரயில் டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில கோப்புகள் மூடியிருக்கும். பணியாளரின் சொந்தக் கோப்பு, மாணவர் மதிப்பெண், மருத்துவத் தகவல் போன்றவை பல பத்தாண்டுகள் திறக்கப்படாது. காலம் இடத்துக்கு இடம் மாறும். கொடுத்தவர் போட்ட நிபந்தனையாலும் மூடியிருக்கலாம். முன்னே சொன்னபடி ஹேல் பிரின்ஸ்டனுக்குக் கொடுத்த கடிதங்கள், அவரும் எலியட்டும் இறந்து 50 ஆண்டு ஆன பிறகே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தவை. ஹேல் 1969இல் காலமானார். 2020 ஜனவரி 2ஆம் தேதிதான் அவை வாசகர்களுக்குத் திறந்தன. மூடியிருக்கிறது என்று சொன்னால் சோர்ந்து திரும்பாமல், எதுவரை மூடியிருக்கிறது, உறவினருக்கு விலக்கு உண்டா, அதே செய்தி வேறு எந்தத் திறந்த ஆவணத்தில் வரும் என்று மூன்றையும் கேளுங்கள். பெரியம்மாவின் பணிக்கோப்பு கிடைக்காவிட்டாலும், பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட கையேட்டில் துறைவாரியாகப் பணியாளர் பெயர்கள் இருக்கலாம். அச்சிட்டு வெளியிட்டதை யாரும் மூட முடியாது.

படிக்கும் அறைக்குள் போனதும் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். பேனாவையும் வாங்கி வைத்துவிடுவார்கள், பென்சில் மட்டும்தான். தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், நூலகத்துக்குள் நெருப்பு கொண்டுவரவோ கொளுத்தவோ மாட்டேன் என்று இன்றைக்கும் உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். அதைவிட இது தேவலை. வெள்ளைக் கையுறை வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். காகிதத்துக்கு வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு போய்த் தாளின் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள். கழுவி உலர்த்திய கை போதும். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் மட்டும் கையுறை தருவார்கள். உங்கள் பெரியம்மாவின் மூலப் படங்கள் கிடைத்தால் கோடு போட்ட பரப்பைத் தொடாமல் அட்டையோடு இரண்டு கையாலும் எடுங்கள். திருத்தம் செய்த இடத்தில் வெள்ளை பூசியிருந்தால் அது செதிலாக உதிரக்கூடும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு கோப்பு. எடுத்த இடத்தில், அவர்கள் தரும் இடக்குறி அட்டையைச் செருகுங்கள். உள்ளே தேதி முன்பின்னாக இருந்தால் கை அரிக்கும், சரி செய்துவிடலாமே என்று. ஆசிரியைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அரிக்கும். செய்யாதீர்கள். 1957 கடிதத்துக்கு அடியில் 1954 படம் இருக்கிறது என்றால், 57இல் யாரோ அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கலாம். அதுவும் உங்களுக்கு ஒரு செய்திதான். உண்மையிலேயே இடம் மாறிக் கிடப்பதாகத் தோன்றினால் பணியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

படம் எடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள். ஃப்ளாஷ் கூடாது, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் பெட்டியின் லேபிளை எடுங்கள், பிறகு கோப்பின் லேபிளை, அதற்குப் பிறகு தாள்களை அவை இருக்கிற வரிசையில். வெற்றாகத் தெரிந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் எடுக்கிற படத்துக்குள் ஒரு ஸ்கேலும் இருந்தால் பெரியம்மா எந்த அளவில் வரைந்தார் என்பது தெரியும். நாள் முழுக்கக் கிளிக் செய்துவிட்டு வீட்டுக்குப் போய், 900 படங்களில் எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் எனக்கு ஃபோன் பண்ணியவர்கள் உண்டு. அன்றன்றைக்கு இரவே பெட்டிவாரியாகப் பிரித்து வையுங்கள். இதற்கென்றே டிராப்பி (Tropy) என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கடிதத்தின் நான்கு பக்கப் படங்களையும் ஒரே உருப்படியாகச் சேர்த்து விவரம் எழுதலாம். ஒரு சாதா நோட்டிலும் குறிப்பு வையுங்கள். எந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை என்பதையும் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அதே பெட்டியை மறுபடி கேட்பீர்கள்.

மேற்கோள் காட்டும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என்ன ஆவணம், தேதி, கோப்பு எண், பெட்டி எண், தொகுப்பின் பெயரும் எண்ணும், காப்பகம், பல்கலைக்கழகம். உங்கள் புத்தகத்தைப் படித்து ஒருவர் அதே தாளைக் கேட்டால் பணியாளர் எடுத்துத் தரும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு காப்பகமும் தனக்குப் பிடித்த வடிவத்தை விவரப் பட்டியலிலேயே கொடுத்திருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் போடுவது வேறு சங்கதி. படம் எடுக்க அனுமதி கொடுத்தது அச்சிட அனுமதி கொடுத்ததாக ஆகாது. காகிதம் ஒருவர் சொத்து, அதில் உள்ள எழுத்தும் கோடும் இன்னொருவர் சொத்தாக இருக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் எழுதிய கடிதங்களைப் பெற்றவர்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே போய்ப் படித்த ஒரு வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் அவற்றைத் தன் நூலில் பயன்படுத்தப் பார்த்தார். சாலிஞ்சர் வழக்குப் போட்டார். 1987இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தாள் நூலகத்துடையது, வார்த்தை எழுதியவருடையது. பெர்ன் உடன்படிக்கையின்படி இந்த உரிமை எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும். பல நாடுகளில் 70. அச்சாகாதது என்பதால் குறையாது.

உங்களுக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெரியம்மா சம்பளத்துக்கு வரைந்தவர் என்றால், அந்தப் படங்களின் உரிமை வேலை கொடுத்த பல்கலைக்கழகத்துக்கே போயிருக்கலாம். படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியிருந்தால் உரிமை அவரிடமே இருந்து, பிறகு வாரிசுகளுக்கு வந்திருக்கலாம். அதனால் அவரைப் பணியமர்த்திய கடிதத்தையும் தேடுங்கள், சென்டிமென்டுக்காக அல்ல. வாரிசு என்றால் உங்கள் அண்ணன் தங்கைகள், அதாவது பெரியம்மாவின் பிள்ளைகள், இருந்தால் அவர்களிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள். பிரியமாக இருக்கிற காலத்திலேயே வாங்குவது நல்லது. பேராசிரியரின் கடிதங்களுக்கு அவருடைய வாரிசுகளைக் கேட்க வேண்டும். கேட்க முடியாத இடத்தில், கடிதத்தில் உள்ள செய்தியை உங்கள் வார்த்தையில் சொல்லலாம். உதாரணமாக, 1955இல் மகரந்தத்தாள் சண்டை நடந்தது என்ற உண்மைக்குப் பதிப்புரிமை கிடையாது.

கடைசியில் டிரங்குப் பெட்டி. புத்தகம் முடிந்த பிறகு அதை அந்தப் பல்கலைக்கழகக் காப்பகத்துக்கே கொடுக்கலாமா என்று யோசியுங்கள். பேராசிரியரின் தொகுப்பில் பாதி உரையாடல் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது. கொடுப்பதென்றால் நன்கொடை ஒப்பந்தம் ஒன்று போடுவார்கள். உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா, எதையாவது சில வருடம் மூடி வைக்க வேண்டுமா, வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் அதில் வரும். குடும்ப விஷயம் உள்ள கடிதங்களுக்கு நிபந்தனை போட வெட்கப்பட வேண்டாம், ஹேல் போட்டாரே. கொடுக்க மனம் வராவிட்டால் ஸ்கேன் செய்து பிரதியாவது கொடுங்கள்.

அதுவரை பெட்டியைக் கொட்டிப் பிரிக்காதீர்கள். மூடியைத் திறந்ததும் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும் முன் ஒரு படம். எந்த நோட்டுக்குள் எந்தக் கடிதம் செருகியிருக்கிறது என்பதைக் குறியுங்கள், அதை அங்கே செருகியவர் பெரியம்மா. கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். நோட்டுகளுக்குள் காய்ந்த இலை ஏதாவது இருந்தால் எடுத்து எறிந்துவிடாதீர்கள், ஹெர்பேரியத்தில் காட்டுங்கள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். கடிதக் கட்டுகளைச் சுற்றியிருக்கிற ரப்பர் பேண்டுகளை மட்டும் இன்றைக்கே கழற்றிவிட்டு, பதிலுக்கு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டு, போகும்போது காப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.